ஒட்டுக்குக் கீழே

றமீலா: "உனக்கு ரோஜா பிடிக்குமா?" அவ்வளவுதான் கேட்டாரா?

யசோதா: அவ்வளவுதான்.

றமீலா: வேற ஒண்டும் கேக்கல்ல?

யசோதா: இல்ல.

றமீலா: நீ என்ன சென்ன?

யசோதா: பிடிக்கும்னு சொன்னேன்.

றமீலா: சிரிச்சியா?

யசோதா: சிரிச்சிருப்பேன்... செடி நல்லா இருந்துச்சு. பால்மா டின்னுக்குள்ள ஒரு முழ உயரத்துக்கு. ஒரே ஒரு பூ. நல்ல சிவப்பு.

றமீலா: பால்மா டின்ல காதல்! அல்லாவே...

யசோதா: சத்தமாப் பேசாத றமீலா. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

றமீலா: கேட்டா என்ன? நாளைக்குப் பத்து மணிக்கு மாப்பிள்ளை ஊட்டு நிச்சயத் தட்டு வருது. மகியாவை ஊருக்கே தெரியும். உங்கம்மா வெத்திலை வாங்க மார்க்கட்டுக்குப் போயிட்டாங்க. நான் எங்கட ஊட்டுப் பன்னீர்ச் செம்பைத் துலக்கி, வாப்பாட கடையில ரெண்டு போத்தல் பன்னீரும் எடுத்துக்கிட்டு வந்து நிக்கிறேன். இனி யாருக்கு ஒளிக்கிற?

யசோதா: செம்பைக் கையிலயே வச்சிருக்கியே. கதிரையில வை.

றமீலா: பேச்சை மாத்தாத. முழுசாச் செல்லு. ரெண்டு வருஷமாக் கேக்கிறேன், "ம்", "ம்ஹும்" இந்த ரெண்டையும் விட்டா உன்ட வாயில வேற வராது.

யசோதா: ஹந்தானைத் தோட்டத்துத் திருவிழாவுக்குப் போனோம்ல, நானும் அம்மாவும். அவங்க வீட்லதான் சாப்பாடு. அவங்கப்பா பழனியாண்டி மாமா துரை பங்களாவுல பூந்தோட்டம் பாத்தவரு. வீட்டுக்குப் பின்னால இவரு ஆறு ஏழு டின்ல ரோஜா வச்சிருந்தாரு.

றமீலா: தனபாலன் அண்ணன்.

யசோதா: ம்.

றமீலா: பேரைச் சென்னா என்ன, பல்லு விழுந்துருமா?

யசோதா: கைகழுவப் போனேன். அங்க நின்னாரு. கேட்டாரு. பிடிக்கும்னு சொன்னேன். உடனே ஒரு டின்னைத் தூக்கி என் கையில குடுத்துட்டாரு.

றமீலா: நீயும் வாங்கிட்ட.

யசோதா: பூச்செடிதானே.

றமீலா: பொறகு?

யசோதா: அவங்கம்மா வந்தாங்க. அந்த ஒரு பூவை நறுக்குன்னு கிள்ளி என் தலையில வச்சாங்க. எங்கம்மா வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு அழுறாங்க. அவரோட சித்தி உள்ளேயிருந்து "பூ வச்சாச்சு, பூ வச்சாச்சு"ன்னு குலவை போடுறாங்க.

றமீலா: நீ அந்தப் பூவை எடுத்திருக்கலாமே.

யசோதா: எப்படி எடுக்கிறது? ரெண்டு கையாலயும் டின்னைப் பிடிச்சிருந்தேன்.

றமீலா: டின்னைக் கீழ வைக்கிறது!

யசோதா: கீழ சாணி மெழுகியிருந்தாங்க. ஈரம் காயல.

றமீலா: யா அல்லா... ஈரம் காயல்லயாம். அதுக்காக ஒருத்தனைக் கல்யாணம் பண்ணுவாங்களா?

யசோதா: சிரிக்காத.

றமீலா: சிரிக்காம? உங்கட ஆக்கள்ட்ட பூவை வச்சா முடிஞ்சுதா? பொண்ணுட்ட கேக்குற வழக்கம் இல்லையா?

யசோதா: பூ வச்சா நிச்சயம்தான். உங்க ஆளுங்க மட்டும் கேக்குறாங்களா?

றமீலா: கேப்பாங்க. ஆனா... வாய மூடிக்கிட்டு ஈந்தா அதையும் சம்மதமாத்தான் எடுப்பாங்க. உன்ன மாதிரி ஆளுக்கு எங்கட்டயும் தப்ப ஏலாது.

யசோதா: பாத்தியா.

றமீலா: சரி, இப்ப நேராக் கேக்கிறேன். தனபாலன் அண்ணனைப் பிடிக்கல்லயா? குடிக்கிறாரா?

யசோதா: இல்ல.

றமீலா: கோவக்காரனா?

யசோதா: இல்லவே இல்ல. ரொம்ப நல்லவரு.

றமீலா: உனக்கு வேற யாரும்...

யசோதா: ஒருத்தரும் இல்ல.

றமீலா: பின்ன?

யசோதா: நுவரெலியா ஹோட்டல் தோட்டத்துல வேலைக்குப் போறதுக்கு முந்தி நாலஞ்சு ஞாயித்துக்கிழமை இங்க வந்தாரு. செடி எப்படிப் பாக்கிறதுன்னு சொல்லிக் குடுக்க. வந்தா ரெண்டு மணி நேரம் பேசுவாரு. ரோஜா எங்க இருந்து வந்துச்சு, எந்த ராஜா எந்த ராணிக்குக் குடுத்தாரு, எந்தக் கலருக்கு என்ன அர்த்தம்... நல்லாத்தான் இருக்கும் கேக்க.

றமீலா: நல்லா ஈந்தா என்ன குறை?

யசோதா: ஒருநா அடுப்புல பால் வச்சிருந்தேன். பொங்குற சத்தம் கேட்டு எழும்பி உள்ள போயிட்டேன். பாலை இறக்கி வச்சு, அடுப்பத் துடைச்சு, தேத்தண்ணி ஊத்திக்கிட்டு வந்தேன். அவரு பேசிக்கிட்டே இருந்தாரு. செடியைப் பாத்தபடி. நான் போனதும் தெரியல, வந்ததும் தெரியல. என்னை அவருக்குப் பிடிச்சிருக்குன்னு அவரு நினைக்கிறாரு. நான் இல்லாட்டியும் அவருக்குக் குறையா இருக்காது றமீலா.

றமீலா: இதையே அவர்ட்ட செல்லு.

யசோதா: வாய் வரல.

றமீலா: உங்கம்மாட்ட?

யசோதா: "ரோஜா பிடிக்கும்னு நீதானே சொன்ன"ன்னு கேப்பாங்க. ஒருதரம் சொல்லியும் பாத்தேன். அப்படியேதான் சொன்னாங்க.

றமீலா: நான் செல்லவா? இன்டைக்கே ஹந்தானைக்கு பஸ் ஏறி...

யசோதா: வேணாம். நீ சொன்னா அது நீ சொன்னதாப் போயிரும்.

றமீலா: அப்ப நாளைக்குத் தட்டு வரும். நீ குனிஞ்சு நிப்ப. நான் செம்பைத் தூக்கிப் பன்னீர் தெளிப்பேன். மாசி மாசம் தாலி. விளங்குதா?

யசோதா: விளங்குது.

றமீலா: விளங்கி என்ன செய்ய? கல்லுமாதிரி ஈக்கிற. தள்ளு, செம்பைக் கழுவணும். துலக்கின புளி வாசம் போகல்ல. பின்னால பைப்புல தண்ணி வருதா?

யசோதா: வருது... நானே கழுவிக் கொண்டாறேன். குடு.

றமீலா: எனக்குக் கை இல்லையா? கதவைத் திற... அடியே யசோ!

யசோதா: என்ன?

றமீலா: இது என்னது?

யசோதா: எது?

றமீலா: இந்த டின். இந்தச் செடி. இதுதானே அந்தச் செடி?

யசோதா: ம்.

றமீலா: சிவப்புண்டு சென்ன.

யசோதா: அப்ப சிவப்பு.

றமீலா: இது வெள்ளை! சின்னச் சின்னதா, கொத்துக் கொத்தா... அஞ்சே அஞ்சு இதழ். இது ரோஜாவே இல்லையே. வேலிப் பூ மாதிரி ஈக்கு.

யசோதா: இந்தக் கிழமைதான் பூத்துச்சு.

றமீலா: உங்கம்மா கண்டாங்களா?

யசோதா: அம்மா எங்க பின்னால வர்றாங்க? ஒரு மாசமா பலகாரம், வெத்திலை, யார் யாருக்குச் சொல்றதுன்னு ஓடுறாங்க.

றமீலா: இதை அவர்ட ஆக்கள் கண்டா என்ன செல்லுவாங்க? சிவப்புக் குடுத்தோம், வெள்ளையாப் போச்சு, பொண்ணு ராசி சரியில்ல எண்டு... என்னடி நடந்தது இதுக்கு? ...பக்கத்து ஊட்டு லாபிர் நானாட ஆடு! அதுதான். அது எங்கட ஊட்டுக் கருவேப்பிலைய ஒரு கிளை விடாம மேஞ்சிட்டு. இதையும் கடிச்சிருக்கும். கடிச்ச இடத்துல இப்படி...

யசோதா: யாரோ வாறாங்க. வாசல்ல.

தனபாலன்: ரத்தினம்மா அத்தை! அத்தை இருக்காங்களா?

றமீலா: அவர்தான்! நுவரெலியாவுல ஈந்து இப்பதான் வாராரு போல. யசோ, அசையாத. பின்கதவைச் சாத்து. ...வாங்க தனபாலன் அண்ணன்! மாமி மார்க்கட்டுக்குப் போயிட்டாங்க. நானும் யசோவும்தான் ஈக்கிறோம்.

தனபாலன்: பரவாயில்ல தங்கச்சி, இருக்க வரல. அம்மா அனுப்பினாங்க. இந்தக் கட்டை எங்க வைக்க? ஈரக் கடதாசி, கதிரை நனைஞ்சிரும்.

றமீலா: வைங்க, வைங்க. ஓ... எவ்வளவு ரோஜா!

தனபாலன்: முப்பது. விடியத்தான் வெட்டினது, மொட்டு விரியுறதுக்கு முந்தி. நாளைக்கு மாலை கட்ட. யசோ, நல்லா இருக்கியா?

யசோதா: ம்.

தனபாலன்: செடி நல்லா இருக்கா?

றமீலா: நல்லா ஈக்கு! ரெண்டு பேரும் நல்லா ஈக்குறாங்க. இரிங்க, தேத்தண்ணி...

தனபாலன்: வேணாம். நான் வந்தது அந்தச் செடிக்காகத்தான். அம்மா சொன்னாங்க, நாளைக்குத் தலையில வைக்க அதே செடிப் பூவா இருக்கணுமாம். அண்ணைக்கு வச்சது அந்தப் பூதானே. ரெண்டு மொட்டாவது இருக்குதான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க. பின்னாலதானே வச்சிருக்கீங்க?

றமீலா: பின்னால... பின்னால வழுக்குது. இப்பதான் தண்ணி ஊத்தினேன், செம்பு கழுவ. காயட்டும். ...அதுக்குள்ள எனக்கு ஒண்டு செல்லுங்க. இந்த ரோஜாவைக் காதலிக்குக் குடுக்குற பழக்கம் யாரு தொடங்கினது? வாப்பா செல்றாரு ரோஜாவே பாரசீகத்துலேருந்து வந்ததாம். மெய்யா?

தனபாலன்: ரோஜாவா... அது பெரிய கதை தங்கச்சி.

றமீலா: பெரிசா ஈந்தா நல்லது. இரிங்க.

தனபாலன்: உங்க வாப்பா சொல்றது பாதி சரி. பன்னீரும் அத்தரும் பாரசீகக்காரங்கதான் வடிச்சாங்க. ஒரு சின்னப் போத்தல் அத்தருக்கு ஒரு வண்டிப் பூ வேணும். ஆனா காதல்னு பாத்தா கிரேக்கத்துல தொடங்குது. அவங்களுக்குக் காதலுக்குன்னு ஒரு அம்மன் இருந்தா.

றமீலா: காதலுக்கு அம்மனா? நல்ல ஊர்.

தனபாலன்: அந்தக் காலத்துல ரோஜா எல்லாம் வெள்ளைதானாம். அவ விரும்பினவனைக் காட்டுப்பன்னி குத்திருச்சு. செருப்புப் போடாம ஓடினாளாம். ரோஜா முள்ளு காலைக் கிழிச்சு, ரத்தம் பட்டு, வெள்ளை சிவப்பாச்சு. அதனாலதான் சிவப்பு ரோஜான்னா காதல்.

றமீலா: வெள்ளை சிவப்பாகும். சிவப்பு... வெள்ளையாகுமா?

தனபாலன்: அப்படி ஒரு கதையும் நான் படிக்கல.

றமீலா: அப்படியா... சரி, கிரேக்கத்துக்குப் பொறகு?

தனபாலன்: ரோமாபுரி. அங்க விருந்து நடக்கிற மேசைக்கு மேல, கூரையில ரோஜாவைத் தொங்க விடுவாங்களாம். அதுக்குக் கீழ இருந்து பேசினதை வெளியில சொல்லக்கூடாது. ரகசியத்துக்கு அடையாளம்.

றமீலா: கேட்டியா யசோ? நம்மட தலைக்கு மேலயும் ஒண்டு தொங்கவிட்டிருக்கலாம்.

யசோதா: சும்மா இரு.

தனபாலன்: என்ன ரகசியம்?

றமீலா: பொம்புளைகள்ட கதை. நீங்க செல்லுங்க. இதெல்லாம் எங்க படிச்சீங்க?

தனபாலன்: துரைசாணி குடுத்த புத்தகம். தேயிலைத் தோட்டத்தை அரசாங்கம் எடுத்தப்ப துரையும் துரைசாணியும் கப்பல் ஏறினாங்க. போற அண்ணைக்கு அந்தம்மா அப்பாவைக் கூப்பிட்டு அந்தப் புத்தகத்தைக் குடுத்தாங்களாம். முப்பது வருஷம் அவங்க ரோஜாவைப் பாத்தவரு. ஆனா அப்பாவுக்கு இங்கிலீஷ்ல ஒரு எழுத்துத் தெரியாது. தலைமாட்டுல வச்சிருந்தாரு. நான்தான் அகராதியை வச்சுக்கிட்டு ஒவ்வொரு சொல்லாப் படிச்சேன்.

றமீலா: அதுல என்ன ஈக்கு?

தனபாலன்: எந்தப் பூவுக்கு என்ன அர்த்தம்னு. நூறு, நூத்தம்பது வருஷத்துக்கு முந்தி இங்கிலாந்துல நல்ல குடும்பத்துப் பொண்ணுங்க மனசுல உள்ளதை வாயால சொல்ல முடியாது. சொன்னா மரியாதை இல்ல. அதனால பூவால பேசினாங்க. சிவப்புன்னா காதல். இளஞ்சிவப்புன்னா நன்றி. மஞ்சள்னா சந்தேகம், ஆசை குறைஞ்சு போச்சுன்னு அர்த்தம்.

றமீலா: அப்ப வேணாம் எண்டு செல்லவும் பூ ஈக்கா?

தனபாலன்: இருக்கே. ஒருத்தன் பூ குடுத்து அவளுக்கு இஷ்டமில்லன்னா, அதே பூவைத் தலைகீழாப் பிடிச்சுத் திருப்பிக் குடுப்பா. பேச்சே இல்ல. விளங்கிக்கிட்டுப் போயிருவான்.

யசோதா: வாங்குறவங்களுக்குக் கட்டாயம் விளங்குமா?

றமீலா: பாருங்க, வாய் திறந்துட்டா! பதில் செல்லுங்க.

தனபாலன்: நீ ஒண்ணும் கேக்க மாட்டியே யசோ... விளங்கும். புத்தகம் படிச்சவனுக்கு விளங்கும்.

யசோதா: சரி.

றமீலா: அப்ப... வெள்ளை? வெள்ளைக்கு என்ன அர்த்தம்?

தனபாலன்: விரிஞ்ச பூன்னா ஒரு அர்த்தம், மொட்டுன்னா ஒரு அர்த்தம். வெள்ளை மொட்டுக்கு... அகராதியில தேடித்தான் கண்டுபிடிச்சேன். காதல் அறியாத மனசு. ...ஏன் தங்கச்சி, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கிறீங்க?

றமீலா: ஒண்டுமில்ல. அர்த்தம் நல்லா ஈக்கு எண்டு. நம்மட நாட்டுக்கு எப்ப வந்தது ரோஜா?

தனபாலன்: பன்னீர் ரோஜா முந்தியே இருந்திருக்கும். இந்தப் பெரிய பூவெல்லாம் துரைமாருங்க கப்பல்ல கொண்டாந்தது. வந்த செடி நட்ட இடத்துலயே செத்துப் போகும். மண்ணு ஒத்துக்கல, மழை ஒத்துக்கல. அப்பா மாதிரி ஆளுங்கதான் காட்டு ரோஜாவோட வேருல ஒட்டுப் போட்டு நிக்க வச்சாங்க. வேர் இது, பூ அது... சரி, தரை காஞ்சிருக்கும். நான் போய்ப் பாக்கிறேன்.

றமீலா: இன்னொண்டு கேக்கணும்...

தனபாலன்: வந்து சொல்றேன் தங்கச்சி. அடுத்த பஸ்ஸைப் பிடிக்கணும். இந்தக் கதவுதானே?

றமீலா: யசோ! என்ன செய்யிறது இப்ப?

யசோதா: விடு. பாக்கட்டும்.

தனபாலன்: யசோ... என் டின் எங்க?

யசோதா: அதுதான்.

தனபாலன்: எது, இந்த வெள்ளையா?

றமீலா: தனபாலன் அண்ணன், நான் செல்றேன். பக்கத்துல லாபிர் நானாட ஆடு ஒண்டு ஈக்கு. அது கடிச்சிட்டு. கயிறு கட்டத் தெரியா மனிசன். யசோ அண்டைக்கு அழுதா, தெரியுமா? சாப்பிடக்கூட இல்ல. நாங்க பயந்துட்டோம், சிவப்பு வெள்ளையாப் போச்சு, ராசி கெட்டுப் போச்சு எண்டு...

தனபாலன்: ராசியா? அட, இதுல ராசியும் இல்ல ஒண்ணும் இல்ல. பயந்தா போனீங்க? வாங்க இங்க, காட்டுறேன்.

றமீலா: கோவமில்லயா?

தனபாலன்: எதுக்குக் கோவம்? இப்பதானே சொன்னேன், வேர் வேற, பூ வேற. காட்டு ரோஜாத் தண்டுல தோலைக் கீறி, நல்ல ரோஜாவுல துளிர் விடுற ஒரு கண்ணை எடுத்து உள்ள வச்சுக் கட்டுறது. அந்தக் கண்ணுதான் முளைச்சுச் சிவப்பாப் பூக்கும். ஆடு அதைக் கடிச்சிருச்சுன்னா கீழ உள்ள காட்டு ரோஜா, எனக்கு மேல ஆளில்லன்னு தன் பாட்டுக்குக் கிளம்பிரும். அதோட பூ வெள்ளை. அவ்வளவுதான். செடி சாகல. நல்லா வளத்திருக்கா. இலை பாருங்க, ஒரு புள்ளி இல்ல.

றமீலா: ஸ்... எனக்கு இப்பதான் மூச்சு வருது. சிவப்பு திரும்ப வருமா?

தனபாலன்: வரும். இந்தா, கத்தி சட்டைப் பையிலேயே இருக்கு. கொண்டாந்த கட்டுல ஒரு பூத்தண்டு எடுத்துத் தாங்க... ம், இது நல்ல கண்ணு. இப்பவே வச்சுக் கட்டிட்டா கல்யாணத்துக்குள்ள துளிர் வந்துரும். அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன், நாளைக்கு இந்த முப்பதுல ஒண்ணை வைக்கட்டும். யசோ, டின்னை இப்படித் திருப்பு. பழைய ஒட்டு எங்க இருந்துச்சுன்னு பாப்போம்...

றமீலா: ஆடு கடிச்ச இடம் தெரியுதா?

தனபாலன்: இரு தங்கச்சி, இலை மறைக்குது... இங்க. ஒட்டு இருந்ததுக்கு ஒரு விரக்கடை கீழ போயிருக்கு.

றமீலா: பெரிய பல்லு அதுக்கு.

தனபாலன்: இதென்ன வெள்ளையா... கட்டியா...

றமீலா: பூஞ்சணமா?

தனபாலன்: இல்ல.

றமீலா: பின்ன?

தனபாலன்: மெழுகு.

றமீலா: மெழுகா?

தனபாலன்: மெழுகுதிரி மெழுகு. வெட்டின வாய்ல தண்ணி இறங்காம ஊத்துறது.

றமீலா: ஆடு...

தனபாலன்: ஆடு சாய்வா வெட்டாது தங்கச்சி. மெழுகும் ஊத்தாது.

றமீலா: அது... மாமி வெட்டியிருப்பாங்க. காஞ்சிருக்கும், அதனால...

தனபாலன்: அத்தைக்கு இந்தச் சாய்வு தெரியாது. இதை நான் ஒரு ஆளுக்குத்தான் சொல்லிக் குடுத்தேன்.

றமீலா: யசோ?

தனபாலன்: யசோ.

யசோதா: ம்.

தனபாலன்: உனக்கு...

றமீலா: என்ன கேக்க வந்தீங்க? கேளுங்களே. ...யசோ, நீயாவது ஏதும் செல்லு. குனிஞ்சுக்கிட்டு நிக்காத. ...தனபாலன் அண்ணன், கத்தியை மடிச்சுப் பையில போடுங்க, கை வெட்டுப்படும். ஏன் எழும்பிட்டீங்க? கண்ணு வைக்கல்லயா? ...இரிங்க, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டு... மாமி இப்ப வந்துருவாங்க... தனபாலன் அண்ணன்!

யசோதா: கூப்பிடாத றமீலா.

றமீலா: போறாருடி. வாசலைத் தாண்டிட்டாரு. ஒரு சொல்லுச் செல்லாம... திரும்பியும் பாக்கல்ல. படியிறங்கி... குடையையும் மறந்துட்டாரு. பஸ்ஸுக்கும் நிக்கல்ல, நடக்கிறாரு.

யசோதா: அந்த ரோஜாக் கட்டை வாளித் தண்ணியில போடு. வாடிரும்.

றமீலா: இப்ப அதுவா முக்கியம்? அந்த மனிசன்ட முகத்தைப் பாத்தியா?

யசோதா: பாத்தேன்.

றமீலா: நாளைக்குத் தட்டு வராது, என்ன?

யசோதா: வராது.

றமீலா: உங்கம்மா உன்னை உரிச்சுத் தொங்கப் போடுவாங்க.

யசோதா: போடட்டும்.

றமீலா: எப்ப வெட்டின?

யசோதா: பொங்கலுக்கு அடுத்த நாள். அவரு குடுத்துட்டுப் போன கத்தியாலதான்.

றமீலா: எட்டு மாசம்! என்ட கிட்டக்கூடச் செல்லல்ல. கீழ வெட்டினா வெள்ளை பூக்கும் எண்டு உனக்கு யாரு சென்னது?

யசோதா: அவர்தான். அவர் சொன்னதை எல்லாம் நான் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்.

றமீலா: நான் வேற... லாபிர் நானாட ஆட்டை எவ்வளவு ஏசிட்டேன். பாவம் அது. சரி, எல்லாம் விளங்குது. ஒண்டுதான் விளங்கல்ல. வெட்டினதோட விட்டிருக்கலாமே. மெழுகு இல்லாட்டி ஆடு எண்டே நம்பியிருப்பாரு... இல்ல, அப்படி நம்பினா கல்யாணம் நிண்டிருக்காது. அப்ப அவருக்குத் தெரியட்டும் எண்டுதான் மெழுகு ஊத்தினியா?

யசோதா: இல்ல. ஊத்தாட்டி செடி செத்துப் போயிருமே.

றமீலா: செத்தா என்ன?

யசோதா: எனக்கு ரோஜா பிடிக்கும் றமீலா.